தெத்துப்பல்

மயக்கம் மெல்லக் கலைகிறது. அம்பத்தூர் பல் டாக்டரின் ஜன்னல் வழியே வந்த வெயில் நாகவல்லியின் மடியில் கிடக்கிறது. மயக்கம் கொடுத்த ரப்பர் மூடியின் வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது. "ஊசின்னா இது பயந்துக்கும் சார், தூங்க வெச்சே புடுங்கிடுங்க" என்று புருஷன் வேம்புலி கெஞ்சியபோது, தன்மேல் இத்தனை கரிசனமா என்று உருகித்தான் போயிருந்தாள். சொத்தைக் கடைவாய்ப்பல் போன குழியை நாக்கு துழாவுகிறது. பிறகு பழக்கதோஷத்தில் முன்பக்கம் வருகிறது. அங்கே தெத்துப்பல் இல்லை, பஞ்சு இருக்கிறது. குடும்பத்துக்கு ஆவாது என்று மாமியார் கரித்துக்கொட்டிய பல். "அதாம்மே உனக்கு அழகே" என்று வேம்புலி கொஞ்சிய பல். டாக்டர் அவனிடம் பீங்கான் தட்டைக் காட்டுகிறார். "நீங்க சொன்னபடி ரெண்டையும் எடுத்தாச்சு." வேம்புலி குனிந்து, அவள் கடைவாயில் வழியும் ரத்தத்தைத் துண்டால் பதமாக ஒற்றுகிறான். "இன்னாம்மே, கொஞ்சமாச்சும் வலிச்சுதா?"