மேசைக்குக் கீழே ஒரு பயணி

"தம்பி நளீர், சத்தத்தைக் குறைங்க. கிபிர் வாற மாதிரிக் கிடக்கு" என்று மேசைக்குக் கீழேயிருந்து தங்கராசாவின் குரல் வந்தது.

ஓட்டமாவடியில் நளீருடைய மச்சானின் கம்பியூட்டர் கடை. விமானம் ஓட்டும் விளையாட்டில் நளீரின் ஜெட் அப்போதுதான் உறுமத் தொடங்கியிருந்தது. சண்டை முடிந்து மூன்று மாதமாகியும், ஜெட் சத்தம் கேட்டால் கிபிர் விமானம் குண்டு போடத்தான் வருகிறதென்று தங்கராசா குப்புறப் படுத்துவிடுவார்.

அவர் பக்கத்து ஊரான கிரான்காரர். பத்து நாள் பழக்கம்தான். நாளை இருவருக்கும் ஒரே கம்பனிக்கு, ஒரே பிளேனில் கட்டார் பயணம். "இவர் பிளேனில ஏறமாட்டாராம், நீங்கதான் தைரியம் சொல்லணும்" என்று கூட்டிவந்து விட்டவள் நளீரின் மனைவி றுக்ஷானா.

நல்ல ஆளைத்தான் பிடித்தாள். போன மாதம் கட்டுநாயக்கா எயார்போட் வரைக்கும் போய், என்ஜின் சத்தம் கேட்டதும் திரும்பி ஓடிவந்தவன் நளீர். ஊருக்கு, "பேப்பரில பிழை" என்று சொல்லிச் சமாளித்தான். கம்பனி கடைசியாக இன்னொரு டிக்கட் அனுப்பியிருந்தது. இதையும் விட்டால் வேலை இல்லை. றுக்ஷானாவுக்கோ வயிற்றில் ஏழு மாதம்.

"எழும்புங்க அண்ணன். என்ஜின்ட பவரைக் கூட்டப் போறன், பாருங்க."

விமானத்தின் விபரக் கோப்பைத் திறந்து, என்ஜின் பவருக்கான எண்ணை இரண்டு மடங்காக்கினான். ஜெட் வாணம்போலச் சீறிக் கிளம்பி, மல்லாந்து, திரையிலிருந்த வாவிக்குள் விழுந்தது.

"நாம செத்திட்டமா?" என்றார் தங்கராசா, கீழேயிருந்தபடியே.

"இல்லண்ணன். கொஞ்சம் கூடிப் போச்சி."

குறைத்தான். ஓடுபாதை முடிந்தும் எழும்பாமல் மறுபடியும் வாவிக்குள். கூட்டிக் குறைத்து, கூட்டிக் குறைத்து, ஒன்பதாவது தரம் ஒழுங்காக எழும்பியது. எண்ணெய்ச் செலவையும் பூச்சியமாக்கிவிட்டான். இனி அது விழவே விழாது.

நாளைக்கு ஏறுகிற பிளேனில் இந்த எண்களைத் தொட ஒருவரும் விடமாட்டார்கள் என்பதுதான் ஒரேயொரு குறை. அதை இந்த மனுஷனுக்கு முன்னால் சொல்ல முடியுமா? பத்து நாளாகத் தைரியம் சொல்லிச் சொல்லி, தானே கப்டன் என்ற நினைப்பு நளீருக்கு வந்திருந்தது.

"நீங்க பக்கத்தில இருந்தா நான் ஏறுவன் தம்பி" என்றார் தங்கராசா, முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு.

மறுநாள் நளீர் ஏறினான். ஏறாமல் என்ன செய்வது? பின்னால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டல்லவா நின்றார்.

என்ஜின் உறுமியது. இடுப்புப் பட்டியைப் பூட்டத் தெரியாமல் நளீர் அதன் இரண்டு நுனியையும் மாறி மாறி இழுத்தான். "பயப்படாதீங்க அண்ணன், பவர் கூடுது, அவ்வளவுதான்" என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே சொன்னான்.

யாரோ அவன் பட்டியை 'டிக்' என்று பூட்டினார்கள். கண்ணைத் திறந்தான். தன் பட்டியை எப்போதோ பூட்டிவிட்டு, ஆற அமரச் சாய்ந்திருந்தார் தங்கராசா.

விமானம் தரையை விட்டு எழும்பிய பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"இது எனக்கு ஏழாவது பயணம் தம்பி. பக்கத்தில ஆராவது பயந்தா உங்களுக்குப் பயம் வராதெண்டு றுக்ஷானா தங்கச்சிதான் சொன்னா. பத்து நாளா மேசைக்குக் கீழ கிடந்து என்ட முதுகுதான் போச்சி."