ஃப்ரிட்ஜ் விழுங்கிய வார்த்தை

மகள் தன்ஷிகாவின் ஆங்கிலம் வளரட்டும் என்று சுகந்தி வாங்கிப்போட்ட ஃப்ரிட்ஜ் அது. கதவில் கை வைத்தால் ஓர் ஆங்கிலப் பாட்டைப் பாடும், நடுவில் ஒரு வார்த்தையை விழுங்கிவிடும். அந்த வார்த்தையைச் சொன்னால்தான் திறக்கும். எதிர் ஃப்ளாட்டில் இதே ஃப்ரிட்ஜை நடுத்தர நிலையில் வைத்திருந்தார்கள் என்பதால், சுகந்தி ஆகக் கடினமான நிலையில் வைத்தாள். மானப் பிரச்சினை அல்லவா?

தன்ஷிகாவுக்குத் தண்ணீர்கூடக் கட்டிலுக்கே வந்துவிடும். ஆகவே ஃப்ரிட்ஜோடு தினமும் மல்லுக்கட்டியவள் சமையலுக்கு வரும் பச்சையம்மாதான். தயிருக்கு ஒரு பாட்டு, கறிவேப்பிலைக்கு ஒரு பாட்டு என்று ஆறே மாதத்தில் நாலாயிரம் வார்த்தைகளைச் சொல்லித் தள்ளினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஃப்ரிட்ஜ் போட்ட மதிப்பெண்ணெல்லாம் தானாகவே தன்ஷிகா பெயரில் பள்ளிக்குப் போனது. தெரிந்தும் சுகந்தி அதைத் திருத்தவில்லை. ஆண்டு விழாவில் மகளுக்கு முதல் பரிசு கொடுத்தபோது, தானும் மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பச்சையம்மா லீவு. மாமனாரின் இன்சுலின் ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது. சுகந்தி ஒன்பது வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ஃப்ரிட்ஜ் சலிக்காமல் முதலிலிருந்து பாடியது. இட்லி ஆறிக்கொண்டிருக்க, மாமனார் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நாற்காலியில் காத்திருந்தார்.

வேறு வழியில்லாமல் பச்சையம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அவசரம் பச்சையம்மா. இந்தப் பாட்டுல விட்டுப்போன வார்த்தை என்னன்னு கேட்டுச் சொல்லேன்" என்று போனை ஃப்ரிட்ஜின் பக்கம் நீட்டினாள்.

பாட்டு முடியும்வரை பச்சையம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"ஈஸியான வார்த்தைதாம்மா. பரிசு வாங்குன பாப்பா எந்திரிச்சிடுச்சா? அதையே கேளுங்களேன்."