பிந்தி விழும் சுரம்

மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மடிக்கணினியின் மேல் சாய்த்துப் போட்டிருக்கிறது. தேர்த் திருநாளுக்கான மாதா பாட்டை ஜெர்லின் பாடிப் பதிந்தாயிற்று. பேஸ் கிட்டார் வாசிக்க வேண்டிய அவள் கணவன் தொம்மை, படகுக் கயிற்றில் சிக்கி நசுங்கிய இடக்கையை மடியில் கிடத்தி அருகில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் பதிலாக வாசிக்கப்போவது திரையில் தெரியும் மென்பொருள் கிட்டார். மீட்டும் அழுத்தத்தை ஜெர்லின் குறைக்கிறாள். காய்ப்பேறிய விரல் கம்பியில் உரசும் ஓசையைக் கொஞ்சம் கூட்டுகிறாள். சத்தம் அவனுடையதாகிவிட்டது. ஆனாலும் அவன் முகம் தெளியவில்லை. "எல்லாம் தாளத்துக்குச் சரியாத்தானே விழுவுது?" என்கிறாள். "அதாம்ளா தப்பு. 'மாதாவே'ன்னு நீ இழுத்து முடிக்க எடத்துல நான் கொஞ்சம் பிந்தித்தான் தொடுவேன். நீ மூச்சு எடுக்காண்டாமா?" அவள் கை மவுஸின் மேல் அப்படியே நிற்கிறது. அந்த இடத்தில் பிந்துகிறான் என்று கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவனைப் பாடகர் குழுவில் எல்லோர் முன்னாலும் ஏசியிருக்கிறாள். அந்த ஒரு சுரத்தை மட்டும் மயிரிழை பிந்தி விழும்படி தள்ளிவிட்டு, பாட்டை முதலிலிருந்து ஓடவிடுகிறாள். அந்த இடம் வருகிறது. பாடாமல் உட்கார்ந்திருக்கிறவள், மூச்சு எடுத்துக்கொள்கிறாள்.