மேல்வீட்டுக் கம்பு

சின்ன ஹால், மங்கல் வெளிச்சம், பாட்டுன்னு ஆரம்பிச்சதுமே உங்க கண்ணுக்கு ஒரு பொண்ணும் பையனும் தெரிஞ்சிருப்பாங்களே? ரொம்பக் கனவு காணாதீங்க. நம்ம கதையில ஹீரோ ஒரு ஒட்டடைக் கம்பு.

எங்க தெரு முனையில, ஒரு வீட்டுக்குக் கீழ்த்தளத்துல இருக்கு அந்த ஹால். சாயங்காலமானா டெய்லர் கழுத்துல டேப்போடயே வந்து உக்காருவார். நர்ஸம்மா செருப்பைக் கழட்டிட்டுக் காலை நீட்டிக்குவாங்க. பாடகி லேசா முனக ஆரம்பிச்சாப் போதும், நாற்காலியெல்லாம் தோணி மாதிரி மெல்ல மிதக்கும்.

அப்பத்தான் மேலேருந்து வரும்.

'டொக்... டொக்... டொக்...'

மேல்வீட்டுக்காரர். கம்பால தரையை இடிப்பார். கூரையிலேருந்து சுண்ணாம்புத் தூள் விளக்கு வெளிச்சத்துல ஆடி ஆடி இறங்கும்.

"ரசனை கெட்ட ஜென்மம்!"

இது டிரம்ஸ் வாசிக்கறவர். ஹால் முதலாளியோட மச்சான். அதனால அவரை யாரும் ஒண்ணும் சொல்றதில்ல.

"நீ ஒண்ணு குடுத்தா நானும் ஒண்ணு குடுப்பேன்டா"ன்னு ஒவ்வொரு டொக்குக்கும் மேலயே பார்த்துக்கிட்டு டிரம்ஸ்ல ஒரு அடி போடுவார்.

"விடுங்க மச்சான்," முதலாளி கெஞ்சுவார். "அவர் புகார் குடுத்தா ஹாலையே மூட வேண்டியதுதான்."

நேத்து மச்சான் பொறுக்கல. பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே விறுவிறுன்னு மாடி ஏறினார். இறங்கி வரும்போது கையில கம்பு.

"பிடுங்கிட்டோம்ல!"

ஹாலே கைதட்டுச்சு.

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"என்னமோ சொல்ல வாயைத் தொறந்தாரு. நான் நிக்கவே இல்லையே!"

பாட்டு ஆரம்பிச்சுது. டொக் இல்ல, தூள் இல்ல. எல்லாரும் சொகமா கண்ணை மூடிக்கிட்டோம். தோணி கிளம்பிடுச்சு.

கொஞ்ச தூரம்தான். குலுங்க ஆரம்பிச்சுது. டிரம்ஸ், பஸ்ஸைத் தவற விட்டவன் மாதிரி ஓடுது. பாடகி மூச்சு வாங்கப் பின்னாடியே ஓடறாங்க. டெய்லர் ஒரு கண்ணைத் தொறந்தார். நர்ஸம்மா செருப்பை மாட்டிக்கிட்டாங்க. பாட்டு பாதியில நின்னே போச்சு.

"என்ன மச்சான் ஆச்சு?"

"மைக் சரியில்ல."

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கிட்டு மேல்வீட்டம்மா வந்தாங்க.

"செத்தோம், புகார்தான்," முதலாளி எழுந்து ஓடினார். "அம்மா, பெரிய மனசு பண்ணி மன்னிச்சிடுங்க..."

அந்தம்மா அவரைக் கண்டுக்கல. நேரா மச்சான்கிட்ட போய்க் கையை நீட்டினாங்க.

"கம்பைக் குடுத்துடுங்க தம்பி. நீங்க தாளத்தை விட்டு ஓடறப்பல்லாம் இழுத்துப் பிடிக்கறதே அதானே? இப்ப மனுஷன் வெறுங்கையால தரையைக் குத்திக்கிட்டு இருக்கார். உங்களுக்குக் கேக்கல, அவருக்குக் கை வீங்கிப் போச்சு!"