சுவரில் சாத்திய துப்பாக்கி

காட்டுக் காவலர் சடையன் தன் துப்பாக்கியில் தொலைநோக்கி பொருத்தினார். பிறகு டார்ச். அதுவும் போதாமல், ஊன்றி நிறுத்த இரண்டு இரும்புக் கால்கள்.

"போதும்டா, அவர் தோள் கன்றிப்போச்சு," என்று முனகியது துப்பாக்கியைத் தோளில் மாட்டும் தோள்வார்.

"எல்லாம் அவர் உயிரைக் காக்கத்தானே!" என்றது துப்பாக்கி. அதற்குத் தன் புதுக்கோலத்தில் கொஞ்சம் பெருமை.

ஒருநாள் காலை குடத்தோடு ஓடைக்குக் கிளம்பிய சடையன், துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தார். "பக்கத்துல போக இந்தக் கனம் எதுக்கு?" என்று சுவரில் சாத்திவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் ஓடைப் பக்கம் கரடி உறுமியது. சடையனின் அலறல் கேட்டது.

"வாரே, என்னை அவர்கிட்ட கொண்டு போயேன்!" என்று துப்பாக்கி கதறியது.

"நான் எப்படிடா கொண்டு போவேன்? தோள் அங்கதானே இருக்கு," என்றது தோள்வார்.