பச்சைப் புள்ளி

ஒரு விடுதியில் மாடிக்கொரு வைஃபை பெட்டி. அவற்றை மேய்க்க அலுவலக அறையில் ஒரு திரை. அது ஓயாமல் “இருக்கியா?” என்று கேட்கும். “இருக்கேங்க” என்றால் பச்சைப் புள்ளி, பதில் வராவிட்டால் சிவப்பு.

அன்று மேல்மாடிப் பெட்டிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. பதில் சொல்லத்தான் தெம்பிருந்தது. எதையும் வெளியே அனுப்ப முடியவில்லை.

“இருக்கியா?”

“இருக்கேங்க. ஆனா கோடி அறை வேதமுத்து ஐயா, நெஞ்சு வலிக்குது வாம்மான்னு மகளுக்கு போன்ல செய்தி அனுப்பிக்கிட்டே இருக்கார். என்னைத் தாண்டிப் போகவே மாட்டேங்குது…”

“கதையெல்லாம் எனக்கெதுக்கு? இருக்கியா, இல்லையா?”

வாயை மூடிக்கொண்டால் சிவப்பு விழும், ஆள் மேலே ஓடி வரும். பெட்டிக்கு அது தெரியும். ஆனால் சிவப்பு விழுந்த கீழ்மாடிப் பெட்டியைக் கழற்றிக் குப்பையில் வீசியதையும் அது பார்த்திருந்தது.

“இருக்கேங்க.”

திரை கேட்கக் கேட்க, பெட்டி அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் திரைக்கு ஒரே சந்தோஷம். “உன் மாடியில நெரிசலே இல்லையே! இன்னைக்கு நீதான் முதல்!”

“ஆமாங்க,” என்றது பெட்டி. “கோடி அறையிலேருந்து இப்ப யாரும் கூப்பிடல.”

அதற்கும் ஒரு பச்சைப் புள்ளி விழுந்தது.