மூன்று ராத்திரி உறைபனி

திங்கட்கிழமை காலை, அந்த வாரத்து வானிலையைக் கேட்க மலையூரின் பேரூராட்சி அலுவலகத்துக்கு வந்திருந்தவர்கள்: எழுத்தர் வனிதா, பேக்கரி யூசுப், ஊரில் தனியாக வாழும் ஒன்பது பேர். அந்த ஒன்பதில் ஆரோக்கியசாமியும், நான்கு வருடம் முன்பு அவனைவிட்டுப் பிரிந்துபோன ரெஜினாவும் அடக்கம்.

உறைபனி நாட்களில் இரண்டு பேராவது இருக்கும் வீட்டுக்குத்தான் மின்சாரம். ஒற்றை ஆட்கள் சமுதாயக்கூடத்தில் போய்ப் படுக்க வேண்டும். அதற்கு இது மேல் என்று ரெஜினா வருடாவருடம் அவன் வீட்டில் பெயர் பதிந்துகொள்வாள். போன வருடம் பதினோரு நாள் இருந்தாள்.

"என்ன மாப்ளே, இந்த வருசமும் சம்சாரத்தப் பனிதான் கூட்டிட்டு வரணுமா?" என்றார் யூசுப்.

வனிதா வாசித்தாள். "இன்னைக்கு ராத்திரி மைனஸ் மூணு. நாளைக்கு நாலு. புதன் ரெண்டு. அப்புறம் பனியே இல்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். ஆரோக்கியசாமி தட்டவில்லை.

வியாழக்கிழமை வெயில் ஏறியதும் ரெஜினா துணிகளை மடித்துப் பையில் வைத்தாள்.

"வானம் தொடச்சாப்ல இருக்கு. ராத்திரியும் உறையும் பாரு," என்றான்.

"வனிதா வாசிச்சது என்னைக்காவது தப்பியிருக்கா?"

தப்பியதில்லை. "உறையாட்டியும் இரேன், ரெஜி."

"எதுக்கு?"

மூன்று ராத்திரி விழித்துக் கிடந்து அதைத்தான் யோசித்திருந்தவன், அடுப்பைப் பற்றவைத்தான். "காப்பி போடுறேன்," என்றான்.

"வேலைக்கு நேரமாச்சு."

அவள் படியிறங்கிப் போனாள். தெருத் திருப்பத்தில் தலை மறையும்வரை நின்றவன், கதவைச் சாத்தி உள்பக்கம் பூட்டினான்.